விடாமல் நீடிக்கும் லேசான மனச்சோர்வு: அடையாளம் காண்பது முதல் மருந்தை நிறுத்துவது வரை

வேலைக்குப் போகிறோம், வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம், யாராவது கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறோம். ஆனால் வருடக்கணக்கில் எதிலும் ஒட்டுதல் இல்லை. படுத்த படுக்கையாக ஆக்காது, நிம்மதியாகவும் விடாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. மருத்துவத்தில் இதை நீடித்த மனச்சோர்வு என்பார்கள். டாக்டரின் சீட்டில் டிஸ்தைமியா என்ற பெயரையும் பார்க்கலாம்.

நான் இதில் பல வருடம் இருந்து, சிகிச்சை எடுத்து, வெளியே வந்தவள். அப்புறம் இதே சிகிச்சையைத் தொடங்குகிற பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வரிசையில்தான். ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை தொடங்குகிறார்கள், மாத்திரை வேலை செய்யும் முன்பே நிறுத்துகிறார்கள், கொஞ்சம் தேறியதும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் பாதுகாப்பு

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் அடிக்கடி வருகிறதா? எப்படிச் செய்யலாம் என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு எண்ணையோ அழைக்கலாம். அதுவரை தனியாக இருக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுத்துவையுங்கள். இந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

‘எனக்கு லேசானதுதானே’ என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். லேசான மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் இந்த எண்ணம் வரும்.

2. இது அதுதானா என்று பார்ப்பது

பெரியவர்களுக்குக் குறைந்தது 2 வருடம், நாளின் பெரும்பகுதி, பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருந்திருக்க வேண்டும். இடையில் தொடர்ந்து 2 மாதத்துக்கு மேல் முழு நிம்மதியாக இருந்திருக்கக் கூடாது. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 1 வருடம் போதும். அவர்களிடம் சோகத்தைவிட எரிச்சலே வெளியே தெரியலாம்.

இதோடு கீழ்க்கண்ட ஆறில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: பசி குறைவது அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, தூக்கம் கெடுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது, எப்போதும் அசதி, தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம், கவனம் நிற்காமல் போவது அல்லது சின்ன முடிவு எடுக்கவும் திணறுவது, இனி எதுவும் மாறாது என்ற நம்பிக்கையின்மை.

பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இளம் வயதில் தொடங்கியிருந்தால், ‘என் குணமே இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க ‘நல்லா இருந்த காலம்’ என்று ஒன்று நினைவில் இருக்காது. அதனால் ‘முன்பைவிட மோசமா?’ என்று உங்களையே கேட்பதில் பயனில்லை. வேறு கேள்வி கேளுங்கள்: கடைசியாக ஒரு விஷயத்துக்காக ஆவலோடு காத்திருந்தது எப்போது? ஒரு வேலையைத் தொடங்க உங்களுக்கு ஆகிற பாடு, கூட இருப்பவர்களுக்கும் ஆகிறதா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நீண்ட சோர்வின் மேலேயே சில மாதங்கள் கடுமையான மனச்சோர்வு வந்து ஏறுவதுண்டு. இரட்டை மனச்சோர்வு என்பார்கள். அப்போதுதான் பலர் முதல்முறையாக டாக்டரிடம் போகிறார்கள். கடுமை இறங்கியதும், ‘பழையபடி ஆகிட்டேன்’ என்று சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் ‘பழையபடி’யே நோய்தான் என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

3. டாக்டரைப் பார்க்கும் முன் 2 வாரக் குறிப்பு

ஒரு நோட்டு எடுங்கள். தினமும் இரவில் நான்கு வரி போதும்: எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தீர்கள், அன்றைய மனநிலைக்கு 10-க்கு எத்தனை, செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டது என்ன, மது குடித்தீர்களா. பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறிக்க வேண்டும். சோர்வு அந்தச் சுழற்சியோடு ஏறி இறங்கினால் சிகிச்சை வேறு மாதிரி போகலாம்.

எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோர்ந்த மனம் நல்ல நாளை நினைவில் வைக்காது. டாக்டர் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கும் நிமிடத்தில் என்ன தோன்றுகிறதோ, அதையே முழு மாதத்துக்குமான பதிலாகச் சொல்லிவிடுவோம். பிற்பாடு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளையும் ஒருமுறை நிரப்பிவையுங்கள். இலவசமாகக் கிடைக்கும். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 20-ஐத் தொட்டால் கடுமையானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கடைசி 2 வாரத்தை மட்டுமே கேட்கிறது என்பதை மறக்க வேண்டாம். 8 மதிப்பெண்ணோடு 6 வருடம் இருப்பவருக்கு ‘லேசானது, விடுங்கள்’ என்பது சரியான பதில் ஆகாது. எத்தனை வருடம் என்பதை நீங்கள்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4. உடல் காரணங்களை விலக்குவது

மாத்திரைக்கு முன் இது. தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, மந்தம், எடை கூடுவது என்று கிட்டத்தட்ட இதே முகத்தோடு வரும். ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, சர்க்கரை நோய் எல்லாமே சோர்வை உண்டாக்கும். டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), முழு ரத்த எண்ணிக்கை, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று பொது மருத்துவரிடமே கேளுங்கள்.

பலமாகக் குறட்டை விடுகிறவர், எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுகிறவர் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளையும் பட்டியல் போடுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் மனநிலையைக் கலைக்கும்.

ரத்தத்தில் ஒரு குறை கிடைத்துவிட்டால் ‘அப்பாடா, இதுதான் காரணம்’ என்று நிறுத்திவிடாதீர்கள். குறையைச் சரிசெய்யுங்கள், சில வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். பி12 குறைவும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் தாராளமாக இருக்கலாம்.

5. முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியவை

‘தூக்கம் வரலை டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். ‘உடம்பு வலி’ என்றால் வலி மாத்திரை. முதல் வாக்கியத்திலேயே காலத்தைச் சொல்லுங்கள்: ‘நான்கு வருடமாக மனசு இப்படியே இருக்கு, நடுவில் முழுசாகச் சரியானதே இல்லை.’ இந்த ஒரு வாக்கியம் டாக்டரின் யோசனையையே திருப்பிவிடும்.

மறைக்கக் கூடாதவை மூன்று. முதலாவது மது, கஞ்சா பழக்கம். மதுவே மனதைத் தாழ்த்தும், மருந்தின் பலனையும் குறைக்கும். இரண்டாவது, இதற்கு நேர்மாறான நாட்கள்: எப்போதாவது சில நாட்கள் தொடர்ந்து தூக்கமே தேவைப்படாமல், பேச்சு வேகமெடுத்து, அள்ளி அள்ளிச் செலவு செய்து, எதையும் சாதிப்பேன் என்ற மிதப்பில் இருந்ததுண்டா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது இருமுனை மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை எதிர்ப்பக்கம் எகிறிவிடக் கூடும். மூன்றாவது, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ இருந்திருந்தால் அது. வீட்டில் பேசவே கூடாத விஷயமாக இருந்தாலும் டாக்டரிடம் பேசத்தான் வேண்டும்.

6. எந்தச் சிகிச்சை

இரண்டு வழிகள்: மாத்திரை, பேச்சு சிகிச்சை. இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம். நீண்டகால மனச்சோர்வில் சேர்த்து எடுப்பதன் பக்கம்தான் நான் சாய்கிறேன். அதற்கு ஆதாரமும் உண்டு. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் நீடித்த கடும் மனச்சோர்வு உள்ள 681 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 48 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, பேச்சு சிகிச்சை மட்டும் எடுத்தவர்களிலும் அதே 48, இரண்டும் எடுத்தவர்களில் 73. அதில் இருந்தவர்கள் நம்மைவிடக் கடுமையான நிலையில் இருந்தவர்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் நீண்ட நாள் ஊறிய சோர்வுக்கு ஒற்றை வழி பலருக்குப் போதுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

இரண்டுக்கும் வசதி இல்லையென்றால் எது எளிதில் கிடைக்கிறதோ, எதை விடாமல் தொடர முடியுமோ அதில் தொடங்குங்கள். சரியானதைத் தேடிக்கொண்டே இன்னொரு வருடத்தைக் கடத்த வேண்டாம்.

7. மாத்திரை: முதல் 8 வாரம்

பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற மனச்சோர்வு மருந்து வகையில் ஒன்றைத்தான் முதலில் எழுதுவார்கள். குறைந்த டோஸில் தொடங்கி ஏற்றுவார்கள். உடம்பு பழக அவகாசம் கொடுப்பதற்காகத்தான் அது.

முதல் இரண்டு வாரம்தான் சோதனை. குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு, ஒருவிதப் பதற்றம் எல்லாம் முதலில் வந்துவிடும். பலன் மெதுவாக, 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டத் தொடங்கி, முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். தொந்தரவு முதலில், பலன் பின்னால் என்ற இந்த இடைவெளியில்தான் ‘எனக்கு ஒத்துக்கலை’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். குமட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பிட்ட பின் மாத்திரை போட்டால் தாங்கிக்கொள்ளலாம். தூக்கம் கெட்டால் காலையில் போடலாமா, மந்தமாக இருந்தால் இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பாலியல் ஆர்வம் குறைவதும், உச்சம் தாமதமாவதும் இந்த மருந்துகளில் அடிக்கடி வருபவை. இவை தானாக அடங்காமலும் போகலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்துகிறவர்கள் அதிகம். சொன்னால் டோஸை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், அதற்கு வழி இருக்கிறது.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைத்துத் தொடங்குங்கள். திடீர் அமைதியின்மை, அடங்காத எரிச்சல் தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

வேறு மருந்தோடு சேரும்போது கவனம் தேவை. டிரமடால் என்ற வலி மருந்து, தலைவலிக்கான டிரிப்டான் வகை, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு மோதும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். குழப்பம், தள்ளாட்டம் வந்தால் உடனே காட்ட வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ நீங்களாக நிறுத்தாமல் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். நண்பருக்கு நன்றாக வேலை செய்த மாத்திரையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

8. பேச்சு சிகிச்சையில் எதை எதிர்பார்ப்பது

மனதைக் கொட்டிவிட்டு வருவது ஆறுதல்தான், ஆனால் அது மட்டும் போதாது. முறையான சிகிச்சையில் ஒரு இலக்கு இருக்கும், வாரத்துக்கு ஒரு வேலை கொடுப்பார்கள், நடுநடுவே முன்னேற்றத்தை அளப்பார்கள். சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சையான சி.பி.டி. பரவலாகக் கிடைப்பது. நீண்டகால மனச்சோர்வுக்கென்றே உருவாக்கிய சி.பி.ஏ.எஸ்.பி. என்ற முறையும் உண்டு. அது தெரிந்தவர்கள் குறைவு.

அந்த முறையின் மையப் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. சமீபத்தில் ஒருவரோடு நடந்த சின்னச் சம்பவம் ஒன்றை எடுக்க வேண்டும். நடந்தது என்ன, அப்போது என்ன நினைத்தேன், என்ன செய்தேன், எப்படி முடிந்தது, எப்படி முடிய வேண்டும் என்று விரும்பினேன் என்று வரிசையாக எழுத வேண்டும். கடைசி இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்து, எந்த இடத்தில் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்று தேட வேண்டும். நீண்ட சோர்வு ‘நான் என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது’ என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது. தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் தொடர்பு இருப்பதை ஒவ்வொரு சம்பவமாகப் பார்க்கும்போதுதான் அந்தப் பாடம் தளர்கிறது.

முதல் சந்திப்பில் பிடிக்கவில்லை என்று ஆளை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். நான்கைந்து முறை போய்ப் பாருங்கள். அப்போதும் கேட்டுக்கொள்ளப்படுகிறோம் என்ற உணர்வே வரவில்லையென்றால் தாராளமாக மாற்றலாம்.

9. அன்றாடத்தில்: மனம் வரும் வரை காத்திராமல் செய்வது

சிகிச்சை தொடங்கிய வாரத்திலேயே இதையும் தொடங்குங்கள். சோர்வு வந்தால் ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் சந்தோஷம் தரக்கூடிய எதுவும் நம்மிடம் வந்து சேர்வதில்லை. அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுழலை உள்ளேயிருந்து உடைப்பது கடினம், வெளியிலிருந்து உடைப்பது கொஞ்சம் எளிது. அதனால் முதலில் செயல், மனநிலை பின்னால் வரட்டும்.

எழும் நேரத்தை முதலில் நிலையாக்குங்கள். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. விடுமுறை நாளிலும் அதே நேரம். காலை வெளிச்சம் கண்ணில் படும்படி கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

பிறகு வாரத்துக்கு மூன்று சின்ன வேலை எடுங்கள். ஒன்று உடம்புக்கு, ஒன்று முடித்த திருப்திக்கு, ஒன்று இன்னொரு மனிதரோடு. ‘தினமும் நடப்பேன்’ என்று எழுதாதீர்கள். ‘செவ்வாய், மாலை 6 மணி, தெருக்கோடி வரை’ என்று எழுதுங்கள். நேரமும் இடமும் எழுதியிருந்தால் அந்த நிமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. முடிவெடுப்பதே பாரமாக இருப்பவருக்கு அது பெரிய உதவி.

செய்யும் முன் ‘இதில் எனக்கு எவ்வளவு பிடித்தம் இருக்கும்’ என்று 10-க்கு ஒரு எண் போடுங்கள். செய்தபின் இன்னொரு எண். முதல் எண் 1, இரண்டாவது 3 என்று திரும்பத் திரும்ப வருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். 3 பெரிய எண் இல்லைதான். ஆனால் மனம் முன்கூட்டிச் சொல்லும் ஜோசியம் தவறுகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே பதிவாகிவிடும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரு நல்ல நாள் கிடைத்ததும் தேங்கிக் கிடந்த வேலை எல்லாவற்றையும் அன்றே இழுத்துப் போட்டுக்கொள்வது. அடுத்த மூன்று நாள் எழ முடியாது. நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளில் அதில் பாதி. பூஜ்யம் மட்டும் வேண்டாம்.

வேலையை விடுவது, திருமணத்தை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை முடிந்தால் சில மாதம் தள்ளிவையுங்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ அடியும் வதையும் இருந்தால் இது பொருந்தாது. அங்கே பாதுகாப்பாக வெளியேறுவதுதான் முதல் சிகிச்சை.

10. அசைவே தெரியவில்லை என்றால்

மாதம் ஒருமுறை பி.எச்.க்யூ-9-ஐ மறுபடி நிரப்புங்கள். தொடங்கியபோது இருந்ததில் பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. 5-க்குக் கீழே வந்து அங்கேயே நிலைப்பதுதான் இலக்கு. ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற இடத்தில் திருப்தியாகிவிட வேண்டாம். பல வருடம் அடிமட்டத்தில் இருந்த நமக்கு அந்தப் ‘பரவாயில்லை’யே பெரிதாகத் தெரியும்.

சரியான டோஸில் 6 முதல் 8 வாரம் போட்டும் மாற்றம் இல்லையா? மருந்தைக் குறை சொல்லும் முன், எத்தனை வேளை தவறியது, மது எவ்வளவு, தைராய்டு பார்த்தாயிற்றா என்று சரிபாருங்கள். அப்புறம் டோஸை ஏற்றுவது, வேறு மருந்துக்கு மாறுவது, இன்னொன்றைச் சேர்ப்பது என்று டாக்டரிடம் படிகள் இருக்கின்றன. முதல் மருந்து கேட்காமல் போவது சகஜம்.

11. கூட இருப்பவர்களுக்கு

‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்காதீர்கள். அவர் தினமும் தன்னையே கேட்டுக் குற்ற உணர்ச்சியில் புழுங்கும் கேள்வி அது. ‘வா, நடந்துட்டு வரலாம்’ என்று செருப்பை மாட்டிக்கொண்டு நில்லுங்கள். மருத்துவச் சந்திப்புக்குக் கூடப் போய், நீங்கள் வெளியிலிருந்து பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். முன்னேற்றம் அவருக்குத் தெரியும் முன் பெரும்பாலும் உங்களுக்குத்தான் தெரியும்.

12. தொடர்வதும் நிறுத்துவதும்

நன்றாக ஆனபின் குறைந்தது 6 முதல் 12 மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு இன்னும் நீளலாம். நன்றாக இருப்பது மருந்தோடு நன்றாக இருப்பது. சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

நிறுத்தும்போது படிப்படியாக, டாக்டர் சொல்லும் அளவில் குறைக்க வேண்டும். பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கலங்கிய கனவுகள், தலைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற உணர்வு வரலாம். இதைப் பார்த்துப் பலர் ‘மாத்திரைக்கு அடிமையாகிட்டேன்’ என்றோ, ‘நோய் திரும்பிடுச்சு’ என்றோ பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நாள் கணக்கை வைத்துப் பிரித்தறியலாம்: டோஸ் குறைந்த சில நாட்களிலேயே தொடங்கினால் அது நிறுத்தியதன் விளைவு, சில வாரமோ மாதமோ கழித்து மெல்ல மெல்ல இறங்கினால் நோய் திரும்புகிறது. எதுவானாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். குறைக்கும் வேகத்தை மாற்றினால் போதுமா, பழைய டோஸுக்கே திரும்ப வேண்டுமா என்று அவர் சொல்வார்.

வீட்டிலோ வேலையிலோ பெரிய மாற்றம் நடக்கும் நேரத்தில் குறைக்கத் தொடங்காதீர்கள். மனம் இறங்கினால் காரணம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

குறைக்கத் தொடங்கும் முன், உங்களுக்கே உரிய ஆரம்ப அறிகுறிகளை எழுதிவையுங்கள். சிலருக்கு அது போன் அழைப்புகளை எடுக்காமல் விடுவது, சிலருக்குக் குளிப்பது தள்ளிப்போவது, சிலருக்கு விடியும் முன்பே விழிப்பு வருவது. அவற்றில் இரண்டு, தொடர்ந்து 2 வாரம் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுவது என்று இப்போதே முடிவு செய்து, அந்தத் தாளின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மனம் இறங்கியபின் அந்த முடிவை எடுக்கச் சொன்னால், ‘இது ஒண்ணுமில்லை, என் குணம்’ என்ற பழைய பதிலைத்தான் அது சொல்லும்.